வெளிநாட்டு ஏடிஎம்மில் எடுத்த காசு: கணக்கில் ஏன் இவ்வளவு கூடுதலாகக் கழிந்தது?

பாதிவழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம்தான் பிராகிலிருந்து திரும்பினேன். முதல் வெளிநாட்டுப் பயணம். இரண்டாம் நாள், பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டிய ஒரு தெருவில் சுவரில் பதித்திருந்த ஏடிஎம்மில் டெபிட் கார்டைப் போட்டு 5,000 கொருனா (செக் நாட்டுப் பணம்) எடுத்தேன். நேற்று ஸ்டேட்மென்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அன்றைய விகிதப்படி எவ்வளவு கழிய வேண்டுமோ, அதைவிட 16 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே போயிருக்கிறது. வங்கிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3 சதவீதம் எடுப்போம், அதற்கு மேல் ஒரு காசு தொடவில்லை" என்கிறார்கள். அப்படியானால் மீதி 13 எங்கே? வங்கி பொய் சொல்கிறதா? யாரிடம் புகார் கொடுப்பது?

சில்லறைக்காசு

புகாரெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள். காசு வெளியே வருவதற்குச் சற்று முன்னால் மெஷின் உங்களிடம் ஏதாவது கேட்டதா? கொருனாவில் இல்லாமல் உங்கள் ஊர்ப் பணத்தில் ஒரு தொகையைக் காட்டி?

பாதிவழி

கேட்டது. எங்கள் ஊர்ப் பணத்தில் தொகை போட்டு, "உறுதி செய்யப்பட்ட விகிதம்" என்று பெரிதாக எழுதியிருந்தது. வலப்பக்கம் பச்சையில் "அக்செப்ட் கன்வர்ஷன்". இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் "டிக்ளைன் கன்வர்ஷன்". பின்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். டிக்ளைன் என்றால் காசே வராமல் போய்விடுமோ என்று பயந்து பச்சையை அழுத்திவிட்டேன்.

சில்லறைக்காசு

அந்த 13 போன இடம் அதுதான். உங்கள் வங்கி பொய் சொல்லவில்லை.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர், சுருக்கமாக டிசிசி. கொருனாவை உங்கள் ஊர்ப் பணமாக மாற்றும் வேலையை விசாவோ மாஸ்டர்கார்டோ செய்ய விடாமல், மெஷின்காரரே தன் விகிதத்தில் செய்துகொள்வார். அந்த விகிதத்துக்குள் அவருடைய லாபமும், மாற்றிக் கொடுக்கும் நிறுவனத்தின் லாபமும் ஒளிந்திருக்கும். "உறுதி செய்யப்பட்ட விகிதம்" என்பது பொய் இல்லை. மோசமான விகிதத்தை உறுதி செய்து தருகிறார்கள், அவ்வளவுதான்.

பலர் சறுக்குவது நீங்கள் சொன்ன அதே பயத்தில்தான். டிக்ளைன் என்றால் காசு வேண்டாம் என்று அர்த்தமில்லை. மாற்றித் தரவேண்டாம், கொருனாவிலேயே கணக்கெழுது என்று அர்த்தம். அதை அழுத்தினாலும் அதே 5,000 கொருனா வெளியே வந்திருக்கும். சில மெஷின்கள் ஒருமுறை மறுத்தபிறகும் "உறுதியாகவா? விகிதம் மாறக்கூடும்" என்று மிரட்டுவதுபோல் இன்னொரு திரை காட்டும். அதிலும் மறுக்க வேண்டும். வேறு சிலவற்றில் "வித் கன்வர்ஷன்", "விதவுட் கன்வர்ஷன்" என்று இருக்கும். விதவுட்.

பழையகாசாளர்

சில்லறைக்காசு சொன்னது சரி. வங்கியில் ஏடிஎம் கணக்கு நேர்செய்யும் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான், அதனால் கணக்கைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன்.

வெளிநாட்டில் எடுக்கும் பணத்தில் மூன்று இடத்தில் கை வைப்பார்கள். ஒன்று, மெஷின் வைத்திருப்பவர் கேட்கும் கட்டணம். இதைத் திரையில் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார், பெரும்பாலும் இத்தனை என்று ஒரே தொகையாக இருக்கும். இரண்டு, பணத்தை மாற்றும் விகிதம். மூன்று, உங்கள் வங்கி போடும் சதவீதம். சில வங்கிகள் அதோடு ஒரு தடவைக்கு இவ்வளவு என்று தனியாகவும் வாங்கும்.

பாதிவழி தம்பி விஷயத்தில் மெஷின்காரர் முதல் கட்டணம் கேட்கவில்லை போலிருக்கிறது. விகிதத்தில் 13 சதவீதம் ஏற்றியிருக்கிறார். 5,000 கொருனா 5,650 ஆகிவிட்டது. உங்கள் வங்கி 3 சதவீதத்தை அந்த 5,650 மேல் போட்டிருக்கிறது. மொத்தம் ஏறக்குறைய 5,820. மறுத்திருந்தால் 5,150இல் முடிந்திருக்கும்.

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். நம் ஊர்ப் பணத்திலேயே மாற்றிவிட்டார்களே, பிறகு வங்கி எதற்கு 3 சதவீதம் போடுகிறது? பல வங்கிகளுக்கு மெஷின் வெளிநாட்டில் இருந்தாலே போதும், எந்தப் பணத்தில் கணக்கு வந்தாலும் அந்தக் கட்டணம் விழும். இரண்டு தடவை மாற்றுக் கூலி கொடுத்த மாதிரி.

அந்த ஸ்லிப் இருக்கிறதா? இருந்தால் விகிதத்துக்குப் பக்கத்தில் பாருங்கள்.

பாதிவழி

கோட்டுப் பையில் கசங்கிக் கிடந்தது. எழுத்து பாதி மங்கிவிட்டது, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன். கடைசி வரிக்கு முந்தின வரி: "மார்க்கப் 13.0%". அதற்குக் கீழே, "எனக்கு வேறு வழி தரப்பட்டது, நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்" என்று ஒரு வாசகம் வேறு. படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

சில்லறைக்காசு

அந்த வாசகம்தான் அவர்களுடைய கவசம்.

பழையகாசாளர்

அந்தச் சதவீதத்தை அச்சடிக்கிறார்களே, அது அவர்கள் நல்ல மனது இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒரு விதிமுறை போட்டது. ஒன்றிய நாடுகளின் பணங்களுக்கிடையே இப்படி மாற்றினால், ஐரோப்பிய மத்திய வங்கி கடைசியாக வெளியிட்ட விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று பணம் எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொல்லத்தான் வேண்டும் என்றார்களே தவிர, எவ்வளவு வாங்கலாம் என்று உச்சவரம்பு வைக்கவில்லை. அதனால் 13 என்று எழுதியே வாங்குகிறார்கள்.

புகார் பற்றி. மெஷின் கேட்காமலே மாற்றியிருந்தால் உங்கள் வங்கி வழியாகத் தகராறு எழுப்பலாம், விசா, மாஸ்டர்கார்டு விதிகளே அதற்கு இடம் தருகின்றன. உங்களிடம் கேட்டிருக்கிறது, நீங்களும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். எழுதிப் பாருங்கள், ஆனால் எதிர்பார்ப்பு வேண்டாம்.

நோட்டில்லாஉலகம்

இந்தக் காலத்தில் எதற்குங்க நோட்டைத் தேடி அலைவது? கார்டைத் தட்டினால் முடிந்தது. நான் ஸ்வீடனில் பத்து நாள் இருந்தேன். க்ரோனா நோட்டு என்ன நிறம் என்றே தெரியாமல் திரும்பினேன்.

ஊர்சுற்றி_அக்கா

ஸ்வீடனில் சரி தம்பி. பல கடைகளில் நோட்டே வாங்குவதில்லை, உண்மைதான். அதே நினைப்பில் ரஷ்யாவுக்குப் போய்ப் பாருங்கள். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் அங்கே வேலையை நிறுத்தியதிலிருந்து, வெளிநாட்டில் வாங்கிய அந்தக் கார்டுகள் அங்குள்ள மெஷினிலும் ஓடாது, கடையிலும் ஓடாது. ஈரானிலும் அதே நிலைமைதான். இந்த மாதிரி இடங்களுக்கு நோட்டாகக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இன்னொன்று. கார்டைத் தட்டினால் முடிந்தது என்றீர்களே, கடையில் இருக்கும் சின்ன மெஷினும் அதே கேள்வியைக் கேட்கும். சில இடத்தில் கடைக்காரரே நமக்குப் பதிலாக அழுத்திவிட்டு நீட்டுவார். தட்டுவதற்கு முன்னால் திரையில் எந்தப் பணம் இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நோட்டில்லாஉலகம்

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. போன மாத ஸ்டேட்மென்டை இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஒரு விடுதி பில்லில் எனக்கும் அது நடந்திருக்கிறது. இதுவரை கவனிக்கவே இல்லை.

ஊர்சுற்றி_அக்கா

தென்கிழக்கு ஆசியா பக்கம் போகிறவர்களுக்கு, டிசிசியைவிடப் பெரிய தலைவலி, ஐயா முதலில் சொன்ன அந்த மெஷின்காரர் கட்டணம்தான்.

தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டு என்றால் நான் போனபோது பெரும்பாலான மெஷின்கள் ஒரு தடவைக்கு 220 பாத் வாங்கின. 1,000 பாத் எடுத்தாலும் அதுதான், 20,000 எடுத்தாலும் அதுதான். முதல் பயணத்தில் கையில் நிறைய வைத்துக்கொள்ளப் பயந்து 5,000, 5,000 ஆக நான்கு தடவை எடுத்தேன். 880 பாத் காற்றில் போனது. ஒரே தடவையில் எடுத்திருந்தால் 220தான். அங்கே கொஞ்சம் துணிந்து பெரிய தொகையாக எடுத்து, பாதியை அறையில் பூட்டி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

வியட்நாமில் வேறு கதை. ஒரு தடவைக்கு இரண்டு மில்லியன், மூன்று மில்லியன் டாங் என்று மெஷின் வரம்பு போடும். மில்லியன் என்றதும் பயம் வேண்டாம், அங்கே எல்லாம் பூஜ்யங்கள்தான். திரையில் ஒரு பூஜ்யம் கூடவா குறைவா என்று விரல் வைத்து எண்ணித்தான் அழுத்துவேன். 5,00,000 டாங் நோட்டும் 20,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டில், வண்டிக்காரரிடம், அவசரத்தில் நீலத்தை எடுத்து நீட்டினேன். அவர் நல்ல மனிதர், கையைத் தடுத்து, நோட்டைத் திருப்பிப் பூஜ்யங்களைக் காட்டினார். அன்றிலிருந்து பெரிய நீலம் ஒரு பை, சின்ன நீலம் இன்னொரு பை.

இந்தோனேசியாவில் மெஷின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், 50.000 அல்லது 100.000 என்று. உள்ளே எந்த நோட்டு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவைக்கு இத்தனை நோட்டுதான் தரும் என்பதால், 100.000 எழுதிய மெஷினில்தான் பெரிய தொகை கிடைக்கும். ஆயிரத்துக்குப் பிறகு அவர்கள் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வைப்பார்கள், அதைப் பார்த்து ஐம்பது ரூபியா என்று நினைத்துவிடாதீர்கள்.

கம்போடியாவில் மெஷின் அமெரிக்க டாலரே தரும். ஆனால் நோட்டின் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தால்கூட அடுத்த கடையில் வாங்க மாட்டார்கள். வங்கிக் கிளையோடு ஒட்டிய மெஷினில் எடுத்தால், கிழிந்த நோட்டை உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம்.

குறுக்குக்கேள்வி

அக்கா, ஜப்பான் எப்படி? எந்த மெஷினில் போட்டாலும் கார்டைத் துப்புகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஊர்சுற்றி_அக்கா

உள்ளூர் வங்கி மெஷின்கள் பல நம் கார்டை மதிக்காது. செவன்-இலெவன் கடைக்குள் இருக்கும் செவன் வங்கி ஏடிஎம், இல்லையென்றால் தபால் அலுவலக ஏடிஎம். இந்த இரண்டும் வெளிநாட்டுக் கார்டுக்கென்றே பழகியவை, ஆங்கிலத்திலும் பேசும்.

குறுக்குக்கேள்வி

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, கிரெடிட் கார்டில் எடுக்கலாமா? இரண்டு, என் கார்டின் பின் நம்பர் ஆறு இலக்கம். சில நாடுகளில் நான்குதான் எடுக்கும் என்கிறார்களே?

சில்லறைக்காசு

முதல் கேள்விக்கு: வேறு வழியே இல்லாதபோது மட்டும். கிரெடிட் கார்டில் நோட்டாக எடுத்தால் அது கடன். பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் இதற்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், மேலே தனிக் கட்டணமும் உண்டு. அப்படியும் எடுக்க வேண்டி வந்தால், ஊர் திரும்பும்வரை காத்திருக்காமல் அடுத்த நாளே கட்டிவிடுங்கள்.

பழையகாசாளர்

பின் நம்பர் 4 முதல் 12 இலக்கம் வரை இருக்கலாம் என்றுதான் சர்வதேசத் தரம் சொல்கிறது. எல்லா மெஷினும் அதை மதிக்கிறதா என்றால், இல்லை. நான்கு அழுத்தியதுமே அடுத்த திரைக்குத் தாவிவிடும் மெஷின்கள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் உங்கள் வங்கியிடம் கேட்டுவிடுங்கள். எழுத்துகளை வைத்து பின் நம்பரை நினைவு வைத்திருப்பவர்கள் எண்ணாகவும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பல ஊர்களில் பொத்தானில் எழுத்தே இருக்காது.

இந்த நான்கு இலக்கத்துக்கு ஒரு கதை உண்டு, சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1967 ஜூன் 27 அன்று வடக்கு லண்டனில் என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வங்கியின் கிளையில் வைத்த ஆரம்பகால ஏடிஎம்மை உருவாக்கியவர் ஜான் ஷெப்பர்ட்-பாரன். அவர் பிறந்தது ஷில்லாங்கில். முதலில் ஆறு இலக்கம் வைக்க நினைத்தாராம். மனைவி கரோலின், தனக்கு நான்குதான் நினைவில் நிற்கும் என்றார். அதுவே நின்றுவிட்டது. அப்போது பிளாஸ்டிக் கார்டு இல்லை, கார்பன்-14 பூசிய காசோலையைத்தான் மெஷினுக்குள் போட வேண்டும்.

குறுக்குக்கேள்வி

ஐயா, பின் நம்பரைக் கண்டுபிடித்தது ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் குட்ஃபெலோ இல்லையா? 1966இலேயே காப்புரிமை கேட்டவர் அவர்தானே?

பழையகாசாளர்

கார்டும் ரகசிய எண்ணும் சேர்ந்த முறைக்கு அவர்தான். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, நாம் இங்கே தொடங்க வேண்டாம்!

இரவுப்பேருந்து

இழை திசை மாறுவதற்குள் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்து இதுதான் மிக மோசமான அனுபவம்.

இரவு பதினோரு மணி, பேருந்து நிலையம், ஒரே ஒரு மெஷின். எந்த நாடு, எந்த வங்கி என்று சொல்லவில்லை. கார்டைப் போட்டேன், பின் நம்பர் அழுத்தினேன், தொகை அழுத்தினேன். உள்ளே நோட்டு எண்ணுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. கடகடவென்று. பிறகு அந்தச் சத்தம் நின்றது. ஷட்டர் பாதி திறந்து மூடிக்கொண்டது. திரையில் "மன்னிக்கவும், சேவை தற்காலிகமாக இல்லை". கார்டு மட்டும் வெளியே வந்தது. இரண்டு நிமிடத்தில் போனில் குறுஞ்செய்தி, தொகை முழுவதும் கணக்கில் கழிந்துவிட்டது.

அந்த இரவு கையில் சில்லறைதான் மிச்சம். பேருந்துக்குக்கூடக் காசில்லாமல் நிலையத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலையில் அந்த வங்கிக்குள் போனால், "உங்கள் வங்கியில் சொல்லுங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் வங்கியில் சொன்னால், "மெஷின் வங்கி பதில் தர வேண்டும்" என்றார்கள். பணம் திரும்பி வர ஐந்து வாரம் ஆனது.

பழையகாசாளர்

ஐந்து வாரம் என்பது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் நடந்தது என்னவென்று சொல்கிறேன்.

மெஷின் முதலில் உங்கள் வங்கியிடம் அனுமதி கேட்கும். வங்கி சரி என்றதும் கணக்கில் கழித்துவிடும். அதன்பிறகுதான் நோட்டு எண்ணும். எண்ணும்போது இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டாலோ, ஷட்டர் சிக்கினாலோ, எண்ணிய நோட்டை எல்லாம் உள்ளே தனிப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, "கொடுக்கவில்லை, திருப்பி வரவு வை" என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி ஒழுங்காகப் போனால் சில நிமிடத்திலோ ஓரிரு நாளிலோ பணம் தானாகத் திரும்பிவிடும். லைன் அறுந்து செய்தி போகாவிட்டால்தான் இந்தப் பாடு.

காசு எங்கும் போய்விடாது. மெஷினைத் திறந்து எண்ணும்போது இருக்க வேண்டியதைவிட அந்தத் தொகை கூடுதலாக இருக்கும். நான் வேலை பார்த்தபோது அந்தக் கூடுதலுக்கு உரியவர் யார் என்று தேடுவதே பாதி வேலை. அப்போது எங்களுக்கு வேண்டியது நான்கே விவரம்: மெஷின் எண், தேதி, நிமிடம்வரை நேரம், கேட்ட தொகை. ஸ்லிப் வந்தால் அதில் எல்லாம் இருக்கும். வராவிட்டால் மெஷின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும் திரையையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். படத்தில் நேரம் தானாகப் பதிந்துவிடும்.

புகாரை எப்போதும் உங்கள் வங்கியில்தான் பதிய வேண்டும். மெஷின் வங்கிக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

இரவுப்பேருந்து

நன்றி ஐயா. நான் படம் எடுக்கவில்லை. நேரத்தைக்கூடக் குறுஞ்செய்தியைப் பார்த்துத்தான் சொன்னேன். அதுவும் என் ஊர் நேரம், அந்த ஊர் நேரமில்லை. அதிலேயே ஒரு வாரம் இழுத்தது.

பழையகாசாளர்

நேர வித்தியாசம் இன்னொரு இடத்திலும் காலை வாரும். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று உங்கள் வங்கி வைத்திருக்கும் வரம்பு, பெரும்பாலும் உங்கள் வங்கியின் நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படும். அங்கே விடிந்துவிட்டது என்று நினைத்து நீங்கள் அடுத்த நாள் கணக்கில் எடுக்கப் போவீர்கள், வங்கிக்கு இன்னும் நேற்றுதான். மெஷின் மறுக்கும். கார்டு கெட்டுவிட்டது என்று பதறுவீர்கள்.

சில்லறைக்காசு

ஷட்டர் பற்றிச் சொன்னதால் ஒன்று. நோட்டு வரும் வாயில் மேலே ஒரு பொய்த் தகட்டை ஒட்டி வைக்கிற திருட்டும் உண்டு. எண்ணிய நோட்டு தகட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். நாம் மெஷின் கோளாறு என்று நினைத்து நகர்ந்ததும் ஒருவன் வந்து தகட்டோடு பிய்த்துக்கொண்டு போவான். காசு வராவிட்டால் அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். அந்த நேரத்தில் "நான் உதவட்டுமா" என்று தானாக வருகிறவரை நம்பாதீர்கள்.

பின் நம்பர் அழுத்தும்போது இன்னொரு கையால் மூடிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. கார்டு போடும் இடத்தைப் பிடித்துக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ஆடினால் வேறு மெஷின். கார்டின் முதுகில் இருக்கும் காந்தப் பட்டையைத்தான் அவர்கள் நகல் எடுக்கிறார்கள், சிப்பை அப்படி எளிதில் எடுக்க முடியாது. மாஸ்டர்கார்டு 2021இல் அறிவித்த திட்டப்படி 2033க்குள் அதன் கார்டுகளில் அந்தப் பட்டையே இருக்காது. அதுவரை கையால் மூடத்தான் வேண்டும்.

ஊர்சுற்றி_அக்கா

கார்டை மறந்துவிட்டு வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பல மெஷின்கள் முதலில் கார்டைக் கொடுத்துவிட்டுத்தான் காசு தரும். வேறு ஊர்களில் முதலில் காசு, அப்புறம் "இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்று ஒரு திரை, அதற்கு இல்லை என்றால்தான் கார்டு. நாம் காசு வந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவோம். பாலியில் ஒரு பெண் என் பின்னால் ஓடிவந்து என் கார்டைக் கொடுத்தார். கொஞ்ச நேரம் எடுக்காவிட்டால் மெஷினே விழுங்கிவிடும். விழுங்கினால், வெளிநாட்டுக் கார்டைத் திருப்பித் தராமல் வெட்டிப் போடும் வங்கிகளும் உண்டு.

அதனால் எப்போதும் இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு பையில். முடிந்தால் ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு. வங்கியின் அவசர எண்ணைத் தனித் தாளில் எழுதி வைப்பேன், ஏனென்றால் அந்த எண் கார்டின் முதுகில்தான் அச்சடித்திருக்கும், கார்டோ மெஷின் வயிற்றில் இருக்கும்.

குறுக்குக்கேள்வி

விமான நிலையத்தில் எடுக்கலாமா, ஊருக்குள் போய் எடுக்கலாமா?

சில்லறைக்காசு

பணம் மாற்றும் கவுன்டரைவிட, விமான நிலையத்தில் இருக்கும் உண்மையான வங்கி மெஷின் பெரும்பாலும் மேல். ஆனால் அங்கேயும் வங்கிப் பெயரே இல்லாத தனி மெஷின்கள் வாசலுக்கு நேராக நிற்கும். கொஞ்சம் நடந்தால் வங்கி மெஷின் இருக்கும். சுற்றுலாப் பயணி முதலில் கண்ணில் படும் மெஷினுக்குத்தான் போவான் என்று அவர்களுக்குத் தெரியும். பிராகில் பாதிவழி நின்றதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும்.

யூரோ எடுப்பவர்களுக்கு ஒன்று: 200 என்று கேட்காமல் 190 என்று கேளுங்கள். 200 கேட்டால் பெரிய நோட்டாகத் தள்ளிவிடும். 190க்குக் கட்டாயம் சில்லறை நோட்டு கலந்துதான் தர முடியும்.

பாதிவழி

எல்லோருக்கும் நன்றி. வங்கியில் எழுதிக் கொடுத்தேன். பழையகாசாளர் ஐயா சொன்னபடியே பதில் வந்தது: "வாடிக்கையாளர் சம்மதம் பெறப்பட்டுள்ளது". விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வேலை விஷயமாக பாங்காக் போகிறேன். இன்று உட்கார்ந்து, பர்ஸில் வைக்க ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டேன். வங்கி எண், புகார் செய்ய வேண்டிய நான்கு விவரம், மேலே பெரிதாக "டிக்ளைன்".

பாதிவழி

(ஆறு வாரம் கழித்து)

பாங்காக் விமான நிலையத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் கண்ணில் பட்ட மெஷினைத் தாண்டி நடந்து, வங்கி மெஷினில் 15,000 பாத் எடுத்தேன். 220 பாத் கட்டணம் என்று சொன்னது, சரி என்றேன். அப்புறம் அந்தத் திரை வந்தது, அதே பச்சைப் பட்டன். டிக்ளைன் அழுத்தினேன். ஒரு வினாடி நின்றது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு அந்தக் கடகட சத்தம். காசு வந்தது. கார்டையும் எடுத்துக்கொண்டேன், அக்கா.

ஊர்சுற்றி_அக்கா

நல்லது தம்பி. கையில் இருப்பது எல்லாம் 1,000 பாத் நோட்டாகத்தான் இருக்கும். டாக்ஸிக்குப் போவதற்கு முன் உள்ளேயே ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி ஒரு நோட்டைச் சில்லறையாக்கிவிடுங்கள்.

பாதிவழி

வாங்கிவிட்டேன். கடைக்காரர் கார்டு மெஷினை நீட்டினார், வேண்டாம் என்று நோட்டைக் கொடுத்தேன்.